காதுல வச்ச ரப்பர் குழாய்

சஹன்ல நட்டும் போல்ட்டும் கெடந்தா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? நாலு பேரு சுத்தி உக்காந்து பிரியாணி சாப்புடுற தட்டு அது. என் கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த சீரு. அதுல கிரீஸ் பூசுன சாமானா நெறச்சு, மேல ஒரு துணியப் போட்டு மூடி வச்சிருந்தாரு எங்க வூட்டுக்காரர் ஹுமாயூன். பக்கத்து வூட்டுலேருந்துதான் ஏதோ சோறு வந்திருக்குன்னு ஆசையாத் தொறந்தேன். அன்னைக்கு நான் போட்ட சத்தம் லெப்பைக்குடிக்காடு பூராவும் கேட்டிருக்கும். எனக்கு இயற்கையிலயே தொண்டை பெருசு. ஜுலைகா மெதுவாப் பேசுனா மறுநாள் மழை வரும்னு எங்க தெருவுல கிண்டல் பண்ணுவாங்க.

"சஹன்தான் பெருசா இருந்துச்சு. ஒரு சாமான் கூட தொலஞ்சு போவக் கூடாதுல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சாரு மனுஷன்.

இது நடந்தது ரெண்டாயிரத்து மூணுல. அவர் துபாய்ல ஜெனரேட்டர் மெக்கானிக்கா இருந்தாரு. கல்யாணம் ஆனதுலேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க லீவுல வருவாரு, எனக்கு அவர் மொகம் பழகுறதுக்குள்ள போயிடுவாரு. எங்க மவ ஃபர்ஹாவ திருச்சியில கட்டிக் குடுத்தப்பறம், "போதும், இனிமே ஊருலயே ஒரு பட்டறை போட்டு உக்காந்துடுறேன்"னு வந்துட்டாரு. வந்து மூச்சு வுட்டாரோ இல்லையோ, இந்த வண்டியக் கொண்டாந்துட்டாரு.

அரியலூர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வேலை பாத்த ஒரு என்ஜினீயர் வச்சிருந்த வண்டி. எம்.ஜி. மிட்ஜெட்னு ஒரு காரு. இங்கிலாந்துலேருந்து கப்பல்ல வந்ததாம். இவர் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப அரியலூர் ஸ்டேஷன் ரோட்டுல அது சர்ருன்னு போறதப் பாத்துட்டு, அன்னைக்குச் சாப்புடாம படுத்தாராம். என்ஜினீயர் காலமானப்பறம் மாட்டுக் கொட்டாயில கெடந்து, சீட்டுல கோழி அடை காத்துக்கிட்டு இருந்துச்சு. அதை டெம்போல ஏத்தியாந்து எங்க கொல்லையில எறக்குனாங்க. மேல கூரை கெடையாது. ஒசரம் என் இடுப்பளவு. ரெண்டே சீட்டு.

"இதுல மூணாவதா ஒரு ஆளு வந்தா எங்க உக்கார வைப்பீங்க, மடியிலயா?"ன்னு கேட்டேன்.

"மூணாவது ஆளு எதுக்கு?"ன்னாரு. அப்படியெல்லாம் பேசுற மனுஷனே இல்ல.

வாய்தான் திட்டுச்சே தவிர, அவர் வேலை செய்யுறத என்னால பாக்காம இருக்க முடியல. அடுப்புல ஒலைய வச்சுட்டு ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்குவேன். துபாய்லேருந்து சேத்து வச்சிருந்த பால்பவுடர் டின்னு, பேரீச்சம்பழ டப்பா எல்லாத்துலயும் கழட்டுன சாமானப் போட்டு, எது எங்க இருந்துச்சுன்னு நூலுல அட்டை கட்டி வச்சிருப்பாரு. நசுங்கிப் போன மட்கார்ட மணல் மூட்டையில வச்சு, மரக் கொட்டாப்புளியால தட்டுவாரு. தட்டிட்டு கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவுவாரு. எனக்குப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். அவர் "இங்க ஒரு மேடு இருக்கு"ம்பாரு, மறுபடியும் தட்டுவாரு. பேட்டரி மாட்ட வந்த ஆளு எல்லா வண்டியும் போலன்னு நெகட்டிவ் வயர பாடியில சேக்கப் போனாரு. இவர் லபக்குன்னு கையப் புடிச்சு, "இதுக்கு எல்லாமே தலைகீழுங்க, பாசிட்டிவ்தான் பாடிக்கு"ன்னாரு. சீட்டுக்கு என் தையல் மெஷின்ல அவரே ரெக்சின் தச்சாரு. என் தையல விட நேரா இருந்துச்சு. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், இருந்தாலும் மாஷா அல்லாஹ், அந்தக் கை யாருக்கு வரும்?

துருப்புடிச்சு வந்த வண்டி பச்சைப் பெயிண்ட்டு அடிச்சு நின்னப்ப தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. ஓடத்தான் இல்ல.

ஸ்டார்ட் ஆவும். ஆனதும் சளி புடிச்ச கொழந்த மாதிரி இருமும், உடம்பெல்லாம் ஒதறும், நின்னுடும். இவர் பிளக்க மாத்துனாரு. பெட்ரோல்ல கலப்படம்னாரு. தேஞ்சு போன புஷ்ஷுன்னு ஒரு வளையத்தத் தூக்கிக்கிட்டு பெரம்பலூர் போயி, லேத்து வச்சிருக்குற அவர் சிநேகிதர் அய்யம்பெருமாள் அண்ணன்கிட்ட பித்தளையில புதுசா கடஞ்சு வாங்கிட்டு வந்தாரு. அப்பவும் இருமல் நிக்கல.

அந்த நேரத்துலதான் என் தம்பி இலியாஸ் துபாய்லேருந்து போன் பண்ணுனான். அவன் கம்பெனியில ஜெனரேட்டர் பாத்துக்க ஆளு வேணுமாம், விசா ரெடியாம், நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள மச்சான் பதில் சொல்லணுமாம். நான் போன நீட்டுனேன். இவர் "கையெல்லாம் கிரீஸு, நீயே பேசு"ன்னு ஒதுங்கிட்டாரு. எப்ப போன் வந்தாலும் இதே பாட்டுதான். என் பொறந்த வூட்டு ஆளுங்கன்னா அவ்வளவு எளக்காரம்னு நான் உள்ளுக்குள்ள கருவிக்குவேன்.

அன்னைக்குச் சாப்புடுறப்ப எனக்கு நேரா உக்காந்து சொன்னாரு. "நோன்புக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா இங்கயே இருந்துடுறேன் ஜுலைகா. ஓடலன்னா இலியாஸ்கிட்டயே போயிடுறேன். என் சொந்த வண்டியவே ஓட வைக்க முடியலன்னா இங்க எவன் என்னை நம்பி வண்டிய வுடுவான்?"

அந்தப் பாழாப்போன வண்டி ஓடணும்னு அன்னைக்குத்தான் மொத மொதலா துஆ கேட்டேன்.

அதுல ரெண்டு கார்புரேட்டராம். பெட்ரோலும் காத்தும் கலந்து என்ஜினுக்குள்ள போற எடம். ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கணும். ஒண்ணு கூட இழுத்து ஒண்ணு கொறச்சு இழுத்தா இருமிக்கிட்டேதான் கெடக்கும். அத எப்படிப் பாக்குறதுன்னா, ஒரு ரப்பர் குழாய எடுத்து, ஒரு முனைய கார்புரேட்டர் வாயில காட்டி, மறு முனையக் காதுல வச்சுக் கேக்கணும். உஸ்ஸுனு ஒரு சத்தம் வரும். ரெண்டுலயும் ஒரே உஸ்ஸு வர்ற வரைக்கும் திருகாணியத் திருப்பணும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாள் பூரா அந்தக் குழாயக் காதுல வச்சுக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டு, திருகாணியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு.

அதுக்குள்ள தெருவுல வேற பேச்சு. ஹுமாயூன் பாய்க்கு வண்டி தலைக்கேறிடுச்சு, பாங்கு சொல்றது கூட காதுல வுழலன்னு. பொய்யில்லையே! ஒரு வக்துத் தொழுகைய வுடாத மனுஷன், பாங்கு சொல்லி ஆளுங்க பள்ளிவாசலுக்குப் போயிக்கிட்டு இருப்பாங்க, இவர் வண்டிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு நிப்பாரு. நான் போயி, "அல்லாவுக்குப் பயப்படுங்க! இரும்பப் பாத்தா தொழுகை மறந்து போவுமா?"ன்னு கத்துவேன். "மறந்துட்டேன்மா"ன்னு கையக் கழுவிக்கிட்டு ஓடுவாரு.

நோன்புக்கு நாள் நெருங்கிடுச்சு. ஒருநாள் அசர் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, சாயங்கால டீ கொண்டு போனேன். எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. வண்டி நின்னுதான் கெடக்கு, கொல்லையில ஒரு சத்தமும் இல்ல. சட்டை முதுகெல்லாம் வேர்வை. அந்த முதுகப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போறப்பல்லாம் நான் பாத்தது இந்த முதுகத்தான். சண்டை போடத் தெரிஞ்ச எனக்கு இதச் சொல்லத் தெரியாது. அவர் மொகத்தப் பாத்துச் சொல்ல வெக்கம். அதனால பின்னாடி நின்னுக்கிட்டே மெதுவா, என் ஆயுசுலயே அவ்வளவு மெதுவாப் பேசுனதில்ல, "இந்தத் தடவ போவாதீங்களேன்"ன்னேன்.

அவர் திரும்பல.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு, பதில் சொல்லப் புடிக்கலன்னு நெனச்சேன். அப்பத்தான் அசர் பாங்கு கெளம்புச்சு. மூணு தெரு தள்ளிதான் பள்ளி, தெளிவா வருது. அவர் கை நிக்கல, தலை நிமிரல, துணியால திருகாணியத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. "என்னங்க"ன்னேன் மெதுவா. டம்ளர்ல கரண்டியால தட்டுனேன். ஒண்ணுமில்ல.

யா அல்லாஹ்! இந்த மனுஷனுக்குக் காது கேக்கலையா?

வருஷக்கணக்கா ஜெனரேட்டர் பக்கத்துல நின்ன காது. நேருக்கு நேரா நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. நான் பேசுனா வாயப் பாக்கவே வேண்டியதில்ல, என் தொண்டைதான் செவத்துலயே மோதுமே! ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி கத்திக் கத்தியே நான் இவ்வளவு நாளா கண்டுபுடிக்காம இருந்திருக்கேன். போன் வந்தா கிரீஸு. பாங்குக்குப் போவலன்னா மறந்துட்டேன். தொழுகைய மறந்தவன்னு ஊரு ஏசுனாலும் ஏசட்டும், காது கேக்காத மெக்கானிக்குன்னு சொல்லக் கூடாதுன்னு அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கிட்டு நின்னிருக்காரு. அந்த உஸ்ஸு அவர் காதுல வுழவே இல்ல. கேக்காத சத்தத்துக்குத் திருகாணியத் திருப்பிக்கிட்டு இருந்திருக்காரு. இதுல மறுபடியும் ஜெனரேட்டர் வேலைக்குப் போனா மிச்சம் மீதி காதும் போயிடுமே!

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டு, சுத்தி முன்னாடி வந்து நின்னு, வழக்கமான என் தொண்டையில, "பாங்கு சொல்லிட்டாங்க, போயிட்டு வாங்க. வந்ததும் அந்தக் குழாய என்கிட்ட குடுங்க. நாளெல்லாம் குனிஞ்சு முதுகு வளஞ்சு போச்சு, நான் கேட்டுச் சொல்றேன்"ன்னேன்.

அவர் என் மொகத்தையே பாத்தாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தொழுதுட்டு வந்து, குழாயோட முனையத் தன் சட்டையிலயே நல்லாத் தொடச்சு என் கையில குடுத்தாரு.

முக்காட்டுக்குள்ள குழாய வுட்டுக் காதுல வச்சுக்கிட்டேன். அவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ண, என்ஜின் இருமிக்கிட்டே ஓடுச்சு. முன்னாடி கார்புரேட்டர்ல பாம்பு சீறுற மாதிரி கேட்டுச்சு. பின்னாடி உள்ளதுல கேட்டும் கேக்காம இருந்துச்சு. "முன்னாடி அதிகம்!"னு கத்துனேன். அவர் திருப்புனாரு. "இன்னும்! இன்னும் கொஞ்சம்! ஐயோ, ரொம்பப் போயிட்டீங்க, வாங்க இந்தப் பக்கம்!" கொஞ்ச நேரத்துல நான் சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு. என் மொகத்தப் பாத்தே மயிரிழை மயிரிழையாத் திருப்புனாரு. மட்கார்டு மேட்டக் கையால கண்டுபுடிச்ச அதே மனுஷன். குழாய அங்க வைக்கிறேன், இங்க வைக்கிறேன், எது எதுன்னே தெரியல. ரெண்டும் ஒரே உஸ்ஸு. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவர் கைய எடுத்துட்டாரு.

இருமல் நின்னுச்சு. ஒதறல் நின்னுச்சு. வண்டி ஒரே சீரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவர் ரெண்டு உள்ளங்கையையும் என்ஜின் மேல வச்சுக்கிட்டு நின்னாரு.

மறுநாள் காலையில வெள்ளைச் சட்டை போட்டு, சீயக்காய் போட்டுத் தேச்சு நகத்துக் கிரீஸு கூட இல்லாம கையக் கழுவிட்டு, "வா"ன்னாரு. அய்யம்பெருமாள் அண்ணன்கிட்ட காட்டணுமாம். தெருவுல அத்தனை கண்ணும் எங்க மேலதான். நான் முக்காட்ட இழுத்துப் புடிச்சுக்கிட்டு, மகாராணி மாதிரி உக்காந்திருந்தேன். பெரம்பலூர் ரோட்டுல ஏறி ஒரு மிதி மிதிச்சாரு பாருங்க, அடேயப்பா! சோளக்காடெல்லாம் பின்னாடி ஓடுச்சு. எதுத்தாப்புல வந்த பஸ்ஸுக்காரர் ஆரன் அடிச்சுக் கையக் காட்டிட்டுப் போனாரு. இந்த ஊருல இப்படி ஒரு தொழில் தெரிஞ்ச ஆளு இருக்காருன்னு எல்லாரும் பாத்துக்கிட்டுப் போங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

ஒரு புளிய மரத்தடியில ஓரங்கட்டுனாரு. வண்டிய அணைக்கல. என் பக்கமாத் திரும்பி உக்காந்து, என் வாயப் பாத்துக்கிட்டே, "சத்தம் எப்படி இருக்கு ஜுலைகா? சொல்லு"ன்னாரு.

ஒவ்வொரு ஆணியையும் தன் கையால முடுக்குன வண்டியோட சத்தத்த என்கிட்ட கேக்குறாரு. "எப்படிச் சொல்றது... நீங்க அசந்து தூங்குறப்ப குறட்டை வுடுவீங்கள்ல, அந்த மாதிரி இருக்கு. இவ்வளவு வருஷமா வூட்டுல அந்தச் சத்தம் இல்லாமத்தான் எனக்குத் தூக்கம் வரல"ன்னேன். சொல்லிட்டு, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் திரும்பிப் பாக்குற மாதிரி, "இந்தத் தடவ போவாதீங்க!"ன்னு கத்துனேன்.

மனுஷன் சிரிச்சுட்டாரு. கண்ணு கலங்கிடுச்சு. சுத்தமாக் கழுவுன கைய எடுத்து என் கை மேல வச்சாரு.

"இலியாஸுக்கு நீயே போன் போட்டு, நான் வரலன்னு சொல்லிடு. போன்ல எனக்குக் கேக்காது."