ஐந்தாம் நம்பர் ஷூ

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவளுக்குக் கால்தான் மூலதனம். அந்த மூலதனத்தில் இரண்டு ஆணிகள் முளைத்திருந்தன. வலது கால் சுண்டுவிரலில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. சட்டையை விரித்துக் காட்டும்போதே இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை நொண்டினால் கிடங்குதான் என்றார். கிடங்கு என்றால் மூட்டை தூக்க வேண்டும். இந்தக் காலோடு அங்கே போனால் ஒரு வாரத்தில் வேலையை விட வேண்டியதுதான்.

வீட்டில் அவள் சும்மா இருந்தவளில்லை. பிளேடால் சீவினாள், ரத்தம் வந்தது. மருந்துக்கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டினாள், நல்ல தோல் வெந்து வெளுத்தது. ஆணி மட்டும் அசையவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டரிடம் ஓடினாள். காத்திருந்த நேரத்தில் கடிகாரத்தைப் பத்து தடவையாவது பார்த்திருப்பாள். டாக்டர் தடித்த தோலை வலிக்காமல் சீவி எடுத்தார். பிளேடு, பிளாஸ்திரி இரண்டுக்கும் சேர்த்துத் திட்டினார். பிறகு அவளைக் காகிதத்தில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டின் மேல் அவளுடைய ஷூவை வைத்தார். இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது.

"சீவிட்டா மட்டும் போதாதும்மா. இந்த ஷூவையே போட்டா அடுத்த மாசம் திரும்ப வந்து நிப்பீங்க."

கடைக்குத் திரும்பியபோது, ஊழியர்களுக்குக் கடை கொடுக்கும் ஷூவுக்காக வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அளவெடுப்பு என்பது பேருக்குத்தான். அவரவர் நம்பரைச் சொல்ல, சூப்பர்வைசர் தளம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லி எழுதுவார். ஆறைத் தாண்டியவளைப் பெரிய கால்காரி என்று சாயங்காலம் வரை மற்றவர்கள் ஓட்டித் தள்ளுவார்கள். அதற்குப் பயந்தே சேர்ந்த நாள் முதல் அவள் ஐந்து என்றே சொல்லிவந்தாள்.

அவள் முறை வந்தது. சூப்பர்வைசர் கேட்காமலே ஐந்து என்று எழுதப் போனார். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏழு போடுங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது பிள்ளை பிறந்ததுல இருந்து. பதினோரு வருஷமாச்சு."

சிரிப்பு நின்றது. முன்னாலேயே நம்பர் சொல்லிவிட்டுப் போயிருந்த பில் போடும் அக்கா, வரிசையை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னுதையும் அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க" என்றாள்.