எடைக்கு எடை வெல்லம்

1

இந்தக் கதை பிறந்தது என் ரவிக்கைக் கொக்கியில். 1985 பொங்கலன்று அது மாட்ட மறுத்தது. எனக்கு நாற்பத்தாறு வயது. துணி சுருங்கிவிட்டதென்று தையற்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அளவு நாடாவை எடுத்தார்.*

உடம்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமென்று உட்கார்ந்தேன். ஆதிலட்சுமி என்றொரு கற்பனைப் பெண் வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'கீழ்பென்னாத்தூர் ஆதிலட்சுமி, யாரும் பார்க்காத நேரத்தில் வறுத்த மல்லாட்டைக் கடலையை மடியில் கட்டிக்கொண்டு...'

(இங்கே அவள் முறைத்தாள். "திருட்டுத்தனமா திங்கிறவளா நானு? தட்டுல சோறு கம்மிதான் ஆயிருக்குது. உடம்புதான் ஜாஸ்தி ஆவுது." வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.)

3

எழுபத்திரண்டாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை. எலும்பும் தோலுமாகக் கிடந்தவளைக் கணவர் பரசுராமன் இரு கைகளிலும் ஏந்தி ஆஸ்பத்திரிக்குள் ஓடினார். பிழைத்தால் துலாபாரம், எடைக்கு எடை வெல்லம் என்று அண்ணாமலையைப் பார்த்து வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். அப்புறம் மழையில்லை, கிணறு வெட்டினார்கள், மகள் கல்யாணம். வேண்டுதல் தள்ளிப்போக, அவளும் நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

இப்போது கோயில் தராசில் உட்கார மறுக்கிறாள்.

"எல்லாரும் பாக்கறாங்க. ரெண்டு மாசம் பட்டினி கெடந்துட்டு வரேங்க."

(நிலத்தில் ஆணுக்குச் சமமாக மூட்டை தூக்குகிறவள் இதற்கா கூசுவாள் என்று சந்தேகம் வந்தது. தையற்கடையில் நான் கூசினேனே. இருக்கட்டும்.)

கடைசியில் உட்கார்ந்தாள். அவள் தட்டு தரையில் இடித்து நின்றது. கொண்டுவந்த வெல்லம் முழுவதையும் எதிர்த்தட்டில் அடுக்கியும் அசையவில்லை.

கொழுந்தன் மனைவி பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா மாமா, இவ்ளோ கொறையுதே."

பரசுராமன் தன் கைகளைப் பார்த்தார். "அன்னைக்குத் தூக்கிக்கினு ஓடனேன்ல, அந்தக் கனம்தான் கையில நின்னுபோச்சு. அதுக்குத்தான் வாங்கியாந்தேன்."

 அவர் சன்னிதிப் பக்கம் திரும்பினார். "நான் உசுர மட்டும்தான் கேட்டேன். அண்ணாமலையாரு ஜாஸ்தியாவே குடுத்திருக்காரு."

இறங்க எழுந்த ஆதிலட்சுமி மறுபடி உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"போய் வாங்கியாங்க. நான் இங்கியே குந்தியிருக்கேன்."

4

முடிவுகள்: பரசுராமன் தேரடி வீதியில் வெல்லம் வாங்கி... (அடித்துவிட்டேன்.) பச்சையம்மாள் மனமிரங்கி... (அதையும்.) தட்டு சமமானால் அவள் இறங்கிவிடுவாள். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என் வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன். இத்தனை வருஷச் சோறு இதில் தங்கியிருக்கிறது. போட்டவர்களுக்கெல்லாம் நன்றி. கொக்கியைத் தள்ளித் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

தட்டு இன்னும் தரையில்தான். வெல்லம் குறைகிறது. உங்களிடம் ஒரு கட்டி இருந்தால் எதிர்த்தட்டில் வையுங்கள்.

---

* டாக்டரம்மா சொன்னது: வயது ஏற ஏறத் தசை குறைகிறது, அதனால் உடம்பு எரிப்பதும் குறைகிறது. எரியாத மிச்சம் கொழுப்பாகத் தங்குகிறது, பெண்களுக்கு நாற்பதுக்கு மேல் முக்கியமாக வயிற்றில். "தப்பு ஒன்னும் பண்ணலம்மா நீங்க," என்றார். அதற்காகவே அவருக்கு ஒரு அடிக்குறிப்பு.