தோல் சுற்றிய சைலன்சர்

இன்பராஜின் வண்டி ஓடாது, இருமும். அப்பா ஓட்டித் தேய்த்த நூறு சி.சி. பைக். அது தெருவில் திரும்பினால் பால் வந்துவிட்டதென்று பாத்திரத்தோடு வெளியே வருபவர்களும் உண்டு. அவனும் ஜாஸ்மினும் ஆம்பூரில் ஒரே தோல் ஷெட்டில் வேலை. மாலையில் வேலூரில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பு. ஆனாலும் அவள் பஸ்ஸில்தான் போவாள்.

"உன் வண்டி சத்தம் கேட்டாலே சிரிப்பு வந்துடுது இன்பா. பின்னாடி உக்காந்து சிரிச்சிக்கினே வந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

அப்படிப்பட்டவள், சனிக்கிழமை காட்பாடியில் ஒரு கல்லூரி லேப் வேலைக்கு நேர்முகம் என்றதும், அவன் கொண்டுபோய் விடச் சம்மதித்துவிட்டாள். பத்து மணிக்கு இருக்க வேண்டும். இந்த ஒரு சவாரி நன்றாக அமைந்தால் வகுப்புக்கும் தினம் ஏறுவாள். இன்பராஜ் சத்தத்தை மாற்றக் கிளம்பினான்.

மெக்கானிக் மக்பூல் அகமது சைலன்சரின் வால்பக்கத்து போல்ட்டைக் கழற்றி, உள்ளிருந்த குறுகிய குழாயை உருவி அவன் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் அகலமான துளைக் குழாய் ஒன்றைச் செருகினார். கிளப்பியதும் தகரக் கூரையில் ஜல்லி கொட்டியது போல இருந்தது.

"இதும்மேல கண்ணாடிப் பஞ்சு சுத்தணும் தம்பி. அப்பதான் சத்தம் அமுங்கி, கனமா வரும். பஞ்சு செவ்வாக்கெழமைதான்."

"எனக்கு சனிக்கிழமை வேணும் பாய்."

"அப்ப பழசையே மாட்டிக்கோ. பேஜார் பண்ணாத."

அகலக் குழாயோடேயே வீட்டுக்கு வந்து யோசித்தான். ஷெட்டின் லேபில் ஜாஸ்மினின் வேலையே, குரோம் ஏறிய நீலத் தோலை, அதாவது வெட் புளூவை, ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவதுதான். இரண்டு நிமிடம் கொதித்தும் சுருங்காவிட்டால் தோல் பதமாகிவிட்டது என்று பொருள். கொதிநீருக்கே அசையாதது சைலன்சருக்கா அசையும்? ஓரம் நறுக்கிப் போட்ட துண்டுகளை வாங்கிவந்து காயவைத்து, குழாய்மேல் மூன்று சுற்று சுற்றிக் கம்பியால் கட்டினான். லேபில் செய்வது போலவே ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நோட்டில் எழுதினான். 'மூன்றாம் சோதனை: தூரத்தில் பேண்டு செட்டின் பெரிய மேளம் போல.' கீழே சிறிய எழுத்தில், 'இது போதுமா? தெரியவில்லை.'

சனிக்கிழமை ஜாஸ்மின் ஏறினாள். சிரிக்கவில்லை.

"பரவால்லையே! யாரோ பெரிய மனுஷன் வண்டி மாதிரி இருக்கு."

மாதனூர் வரை இன்பராஜ் தரையில் இல்லை. அதன்பிறகு பின்னாலிருந்து புகை வந்தது. மயிர் பொசுங்குவது போன்ற நாற்றம். டீக்கடை வாசலில் படுத்திருந்த இரண்டு நாய்கள் எழுந்து, விருந்துக்கு அழைத்தது போலத் துரத்திக்கொண்டு வந்தன.

"நிறுத்து இன்பா. இது வெட் புளூ தீயிற வாசனை. உள்ள இன்னா வச்ச?"

சொன்னான். "நீதான தினம் கொதிக்க வைக்கிற? சுருங்கலையே..."

"தண்ணி நூறு டிகிரியோட நின்னுடும்பா! உன் சைலன்சர் நிக்குமா?"

நாய்களை அவள் துரத்த, அவன் துணியால் பிடித்துக் குழாயை உருவினான். தோல் கருகிய அப்பளமாக உதிர்ந்தது. மணி ஒன்பதை நெருங்கியது. வெறும் குழாயைத் திரும்பச் செருகி, ஜல்லி கொட்டும் சத்தத்தோடு காட்பாடி வரை போனார்கள். வேலூர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜாஸ்மின் துப்பட்டாவால் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டாள்.

கல்லூரி வாசலை அடைந்தபோது பத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. இறங்கியவள் சொன்னாள்: "சாயங்காலம் இதே சத்தத்தோட வந்தியோ, நான் பஸ்ல போய்டுவேன்."

பழைய குழாய் ஆம்பூரில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. போனான். மாட்டினான். திரும்பி வந்தான்.

நாலு மணிக்கு வாசலில் வண்டி இருமி நின்றது. போனை எடுப்பதற்குள் ஜாஸ்மினே வந்துவிட்டாள்.

"நான் கூப்பிடவே இல்லையே?"

"மாடிலயே கேட்டுச்சு. வேற யார் வண்டி இப்படி இருமும்?"

"வேலை?"

"லெட்டர் போடுவாங்களாம். உள்ள போனதுமே ஒருத்தர் மூக்கச் சுளிச்சு, இன்னாம்மா நாத்தம்னாரு. விளக்கினேன். அப்புறம் அரைமணி நேரம் அதப் பத்திதான் கேட்டாங்க, வேற கேள்வியே இல்ல."

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் முதுகுப் பக்கம் சிரிப்பு தொடங்கியது. காட்பாடி பாலம் தாண்டியும் அடங்கவில்லை.

"திங்கக்கெழமை கிளாஸுக்கு எத்தன மணிக்குக் கெளம்புவ?"

"அஞ்சே கால்... இல்ல, அஞ்சு இருபது."

"பஸ்ஸு அஞ்சு பத்துக்கு. சட்டுனு ஒண்ணு சொல்லு."

"அஞ்சு," என்றான் இன்பராஜ்.