சேற்றில் ஏறிய காரீயம்

எண்பத்தாறில், கோல சிலாங்கூர் ஆற்றுச் சேற்றில் குழாயை இறக்கி எடுத்த மண்தூண் அது. மேலே நேற்றைய வண்டல். அடியில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. ஆய்வு மாணவி அமராவதி அதை வில்லை வில்லையாக அறுத்துச் சோதித்தாள். ஆற்றின் மேல்பக்கம் பழங்காலத்தில் யாராவது வெள்ளீயத் தாது தோண்டி உருக்கியிருந்தால், அதில் கலந்திருந்து புகையோடும் கசடோடும் வந்த காரீயம் வண்டலில் தங்கியிருக்கும். அப்படி ஓர் உலை இருந்ததா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

இருந்தது. நடு ஆழத்தில் ஒரு வில்லையில் காரீயம் எகிறியிருந்தது. கீழே போகப் போகக் குறைந்தது. மெல்ல வளர்ந்து, சட்டென்று நின்றுபோன உலை. பேராசிரியர் நாராயணசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மாத மாநாட்டில் அறிவிக்கப்போவதாகவும், அவளை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்ப இதுவே போதும் என்றும் சொன்னார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான்.

வாரக் கடைசியில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய் வீட்டில் சொன்னாள். அம்மா இராஜம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. அதற்கே லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பிய அம்மாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக் கொடுத்தபோது, பிடி இடுக்கில் சிவப்பு ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. ஆயுத பூஜைக் குங்குமம்.

அந்தப் பூஜையில் அம்மாவின் கத்திக்குப் பக்கத்தில் அமராவதி மண்தூண் அறுக்கும் கத்தியும் இருந்தது. "சோறு போடப்போற சாமான்லா, அதையும் வையி" என்று அம்மா சொன்னாள். பொட்டு வைத்தது அமராவதியேதான். தூணின் மேல்பாதியை அறுத்தது பூஜைக்கு முன்னால். மீதியைத் தொடங்கியது பூஜைக்குப் பின்னால். காரீயம் எகிறியதும் அங்கேதான்.

குங்குமத்தைக் கொண்டுபோய்ச் சோதித்தாள். மலிவுச் சரக்கு, நிறத்துக்கு காரீயச் செந்தூரம் கலந்திருந்தார்கள். அறுக்கும் முன்பே தூணை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைக் குளிர் அறையில் வைத்திருந்தாள். அதைப் புதுக் கத்தியால் அறுத்துப் பார்த்தாள். உலையும் இல்லை, புகையும் இல்லை. பேசாமல் இருந்துவிடு என்றது ஒரு மனம். அந்த மனத்தை அவளால் வெறுக்கக்கூட முடியவில்லை.

அவள் அறைக்குள் போனபோது பேராசிரியர் மாநாட்டு உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். உலை போட்டவர்கள் யாரென்று மட்டும் தெரிந்துவிட்டால் வேறொன்றும் வேண்டாம் என்றார்.

அமராவதி குங்குமச் சிமிழை அந்த உரையின் மேல் வைத்தாள்.

"தெரிஞ்சிருச்சு சார். நாங்கதான். ஆயுத பூஜைக்குக் கத்திக்குப் பொட்டு வச்சோம்."