தரையைத் தொட்டால்

டெல்மர் ஸ்டிடம் என்ற பெரியவர் எங்கள் வார்டுக்கு நடந்துதான் வந்தார். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். மேலே நிமோனியா வேறு. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் படுத்தே கிடந்ததில் தொடை இரண்டும் வற்றிப்போயின. நாளைக் காலை பிசியோ, நடைப்பயிற்சி தருகிறவர், வந்து பார்ப்பார். வீட்டு வாசல் படிகளை ஏறுவார் என்று தோன்றினால் வீடு, இல்லையென்றால் முதியோர் விடுதி. அங்கே போன அவர் தம்பி திரும்பி வரவில்லை.

அவரைப் படுக்கையோடு வைத்தது நாங்கள்தான். ஆஸ்பத்திரியில் நோயாளி விழுந்து எலும்பு உடைந்தால் அந்தச் செலவை அரசுக் காப்பீடு தராது என்று சட்டம் வந்தது. யாரும் அடிபடக் கூடாதென்று போட்ட சட்டம். எங்கள் வார்டில் அதற்கு அர்த்தம், யாரும் எழுந்திருக்கக் கூடாது. மெத்தைக்கடியில் அலாரம் வைத்தார்கள். இடுப்பைத் தூக்கினாலே அலறும். யார் பொறுப்பில் விழுகிறாரோ அந்த நர்ஸ் மேல் விசாரணை. எனக்கு ஏற்கெனவே ஒரு விசாரணை ஆகிவிட்டது. இன்னொன்று வந்தால் வேலை போகும். பிடித்து மெல்லத் தரையில் உட்கார வைத்தாலும் விழுந்த கணக்குதான்.

"வெல்டா, உங்கப்பனும் நானும் ஒரே சுரங்கக் குழியில கிடந்தவங்க. கக்கூஸ் வரைக்குமாச்சும் விடு பொண்ணு."

"பிசியோ வரட்டும் ஐயா."

"வந்து என்னத்தப் பாப்பான்? பொணத்தையா?"

அலாரத்தை அணைத்தேன். அவர் இடுப்பில் பிடித்துக்கொள்ளும் பட்டையைக் கட்டி, தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தேன். மூன்று அறை தாண்டினோம். நாலாவது கதவருகே அவர் முட்டி மடங்கியது.

சுவரோடு சாய்த்துப் பிடித்தேன். முழு எடையும் என் தோளில். தாழ்வாரத்தில் ஒருத்தரும் இல்லை.

"கீழ விடு பொண்ணு."

"முடியாது ஐயா. தரையைத் தொட்டா நான் தொலைஞ்சேன்."

"விடலன்னா ரெண்டு பேரும் தொலைஞ்சோம்."

கை வழுக்கியது. அவர் இடுப்பெலும்பு முறியும் சத்தம் என் காதில் முன்கூட்டியே கேட்டது. என் தொடையைச் சரிவாகக் கொடுத்து, அதன் மேல் வழுக்கவிட்டு, இறக்கினேன்.

தலைமை நர்ஸ் லோரின் ஓடிவந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கும் மேலே ஆள் உண்டு.

"விழுந்தாரா?"

"உக்காந்து ஊர்க்கதை பேசுறோம். நீயும் வாம்மா," என்றார் டெல்மர்.

லோரின் சிரிக்கவில்லை. "வெல்டா, என்னன்னு எழுதட்டும்?"

பொய் சொன்னால் தப்பலாம். அடி பட்டிருந்து நாளை வீங்கினால்?

"விழுந்தார்னு எழுது. டாக்டரக் கூப்பிடு."

டாக்டர் வருவதற்குள் நாங்களே தொட்டுப் பார்த்தோம். எங்கேயும் வலி இல்லை. தூக்க ஆள் கூப்பிடத் திரும்பினாள் லோரின். அதற்குள் அவர் புரண்டு முட்டி போட்டுவிட்டார். சுரங்கத்தில் மூணடி உயரக் கூரைக்கடியில் முட்டியிலேயே வேலை செய்த மனுஷர். சுவர்க்கம்பியைப் பிடித்தார். நான் தொடவில்லை, பட்டையை மட்டும் பிடித்திருந்தேன். மூச்சு விசில் அடித்தது. எழுந்துவிட்டார்.

"லோரின், இதையும் எழுது. தானா எழுந்தார்னு," என்றேன்.

அவள் அவருடைய மறு கைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.

படுக்கையில் சாய்ந்ததும் அவர் கேட்டார், "அந்த பிசியோ வர்றதுக்கு முன்னால காலைல இன்னொரு தரம்?"

காலையில் என்னை வார்டுக்குள் விடுவார்களா என்பதே தெரியாது.

"விடிஞ்சதும் வர்றேன் ஐயா," என்றேன்.