பூட்டுக்காரரின் முதுகும் மச்சினனின் பெட்டியும்

என் தலையில் நானே கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

பூட்டுக்காரருக்குப் பல வருட அரிப்பு. முழங்கை மடிப்பில் தொடங்கி முதுகில் போய் முகாம் போடும். அவர் சொறிகிற சத்தத்தைக் கேட்டு, யாரோ மரம் அறுக்கிறார்கள் என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளி, ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவு, நகத்தை ஒட்ட வெட்டு, சொறியாதே என்றார் டாக்டர். முதல் மூன்றும் சுலபம்.

அரிப்பைவிடப் பெரிய தொந்தரவு மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ரெண்டு நாள் தங்குகிறேன் என்று வந்தவன், பட்டறையாக இருந்த பின்னறையில் நிரந்தரமாகக் கட்டிலைப் போட்டுவிட்டான். பூட்டுக்காரர் சமையலறையில் உட்கார்ந்து சாவி அராவினார். சோற்றில் இரும்புத்தூள் விழுந்தது.

"அத்தான், ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சொறியாம இருங்க, நான் பெட்டியைக் கட்டிடுறேன். சொறிஞ்சீங்கன்னா அறை எனக்குத்தான்," என்று பந்தயம் கட்டினான் மச்சினன்.

"பெட்டியை இப்பவே தூசி தட்டி வை," என்றார் பூட்டுக்காரர், முதுகைச் சுவரிலிருந்து விலக்கிக்கொண்டே.

"இவர் சொறியாம இருந்துட்டா, உன் பெட்டியை நானே அனுப்பி வைக்கிறேன்டா," என்றாள் மனைவி. அவளுக்கும் நம்பிக்கையில்லை.

மச்சினன் சும்மா இருப்பானா? அத்தானுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தான். சாப்பிடும்போதெல்லாம் மூட்டைப்பூச்சியைப் பற்றியே பேசினான். ஞாயிறு காலை அரிப்பு தலைக்கேறியது. குளித்து முடித்த பூட்டுக்காரர், அவசரத்தில் களிம்பு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த பூட்டுக் கிரீஸை எடுத்து உச்சி முதல் பாதம் வரை பூசிக்கொண்டார்.

அரிப்பு இம்மியும் குறையவில்லை. ஆனால் சொறியத்தான் முடியவில்லை. முதுகில் விரலை வைத்தால் கை வழுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனது. சுவரில் உரசினால் ஆளே கூரைவரை ஏறி இறங்கினார்.

சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாகிவிட்டது. மச்சினன் தட்டை விட்டு எழுந்தான். பாய்ந்து போய் அத்தானின் கையைப் பிடித்து அவர் முதுகிலேயே தேய்க்கப் பார்த்தான்.

"பாருக்கா, சொறியறாரு, சொறி..."

பிடி நழுவியது. மச்சினன் வாசல் வழியாக வழுக்கி, சரிவான தெருவில் இறங்கி, போய்க்கொண்டிருந்த பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தான். மனைவி சொன்ன சொல் தவறாதவள். பெட்டியை அவன் பின்னாலேயே தள்ளிவிட்டாள். கிரீஸ் தடத்திலேயே போய் அதுவும் பஸ்ஸில் ஏறியது.

பூட்டுக்காரர் சோப்புப் போட்டுக் குளித்து, இந்தத் தடவை சரியான டப்பாவைத் திறந்தார். மாலையில் பின்னறையில் சாவி அராவும் சத்தம் கேட்டது.

இன்னொரு சத்தியமான உண்மை: பூட்டுக்காரரின் மனைவி அவளைப் பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை.