கடல் இல்லாத இடம்

சுனாமி காலி நகரத்துக் கடற்கரையில் வீட்டையும் மச்சானையும் கொண்டுபோன பிறகு, செவனம்மா அக்கா இரண்டு பிள்ளைகளோடு மலையில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான என் லயத்து அறைக்கே வந்துவிட்டாள். கடலிலிருந்து நூறு மீட்டருக்குள் இனி வீடு கட்டக்கூடாதாம், அரசாங்க உத்தரவு. தோட்டத்தில் பேர் பதியாத ஆட்களை வெளியேற்று என்று தோட்ட மேலாளர் துரையும் கடிதம் கொடுத்துவிட்டார்.

நிலம் கேட்டு அரசாங்கக் காணிக் கந்தோருக்கு, அந்த அலுவலகத்துக்குப் போனோம். ஆம்பிளை பேசினால்தான் எடுபடும் என்று, சிங்களத்தில் பேச என்னைக் கூட்டிப் போனாள். லயத்தில் நான் புலி, அதிகாரியின் மேசைக்கு முன்னால் பூனைக்குட்டி.

“அங்க கடற்கரையில ஓட்டல் மட்டும் கட்டுறாங்களே, ஓட்டலைக் கண்டா அலை பயந்துக்குமான்னு கேளுடா!”

“அக்கா உங்களுக்கு வணக்கம் சொல்றாங்க சார்,” என்றேன் சிங்களத்தில்.

அக்கா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். காலியில் பத்து வருஷம் மீன் விற்றவளுக்குச் சிங்களம் தெரியாதா? அந்த மொழியிலேயே அவரிடம் கேட்டாள்.

“எங்க லயத்துலேருந்து கடல் எத்தனை மீட்டர்?”

அவர் சிரித்தார். “இங்கே ஏதம்மா கடல்?”

“அப்ப இங்க கட்டலாமா?”

“அது தோட்டத்துக் காணி.”

அக்கா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். “கடலும் இல்லாம தோட்டமும் இல்லாம இருக்கிறது உங்க கந்தோர்தான். இங்கேயே இருந்துக்குறோம்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். பூனைக்குட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தது.